மடியில் ஒரு மருந்து

(நேரலை இலக்கியக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரமின்மையால் பேச்சில் விடுபட்ட சில தகவல்கள் சேர்க்கப்பட்டுள்ளன.)

இங்கே இங்கிலாந்தில் மதியம் 3 மணி. சிங்கப்பூர் நண்பர்களுக்கு இரவு 10 ஆகியிருக்கும், டொராண்டோவில் காலைக் காபி நேரம். இந்த அரங்கில் எனக்கு முன்னால் பேசியவர்கள் பெரிய விஷயங்களைப் பேசியிருக்கிறார்கள். நான் எட்டு கிலோவைத் தாண்டாத ஒரு நாயின் வரலாற்றைச் சொல்ல வந்திருக்கிறேன். தலைப்பை அனுப்பியபோது ஒருங்கிணைப்பாளர், "அக்கா, நாய் ஒரு உவமையாகத்தானே வருகிறது?" என்று கேட்டார். இல்லை தம்பி, நாயேதான் வருகிறது.

அதன் பெயர் கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல். ஆங்கில உச்சரிப்புக்கு நெருக்கமாக எழுதினால் 'கேவலியர்' என்று வரும். தமிழ்க் கண் அதைக் கேவலத்தோடு சேர்த்துப் படித்துவிடும் என்பதால் கவாலியர் என்றே வைத்துக்கொள்கிறேன். பட்டுப்போலத் தொங்கும் நீண்ட காதுகள், பெரிய கரிய கண்கள். நிறத்தில் நான்கு வகை: வெள்ளையில் செம்பழுப்புத் திட்டுகள் கொண்ட பிளென்ஹைம், மூவண்ணம், முழுச் செம்பழுப்பான ரூபி, கறுப்பும் பழுப்புமானது. இலக்கிய வாசகர்களுக்கு ஸ்பேனியல் என்றதும் வர்ஜீனியா வுல்ஃப் எழுதிய 'ஃபிளஷ்' நினைவுக்கு வரலாம். அது காக்கர் ஸ்பேனியல், வேறு சாதி.

நான் ஊரில் ஜி.என்.எம். டிப்ளமோ முடித்துவிட்டு இந்த நாட்டுக்கு வந்த நர்ஸ். பல வருடங்களாக முதியவர்களோடும் இதய நோயாளிகளோடும் வேலை. இந்த நாயின் கதையில் என் தொழில் இரண்டு முனைகளிலும் நிற்கிறது. கதையின் தொடக்கத்தில் இந்த நாய் மருந்து. இன்றைக்கு அது நோயாளி. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஜான் கேயஸ் என்று ஒரு மருத்துவர். 1510-ல் நாரிச்சில் பிறந்தவர், ஆறாம் எட்வர்டுக்கும் மேரி அரசிக்கும் வைத்தியம் பார்த்தவர். கேம்பிரிட்ஜில் கான்வில் அண்ட் கீஸ் கல்லூரி என்று இருக்கிறதல்லவா, அந்தக் 'கீஸ்' இவர்தான்; எழுதும்போது கேயஸ், சொல்லும்போது கீஸ். சுவிட்சர்லாந்து இயற்கையியலாளர் கான்ராட் கெஸ்னர் விலங்குகளைப் பற்றிப் பெரிய கலைக்களஞ்சியம் எழுதிக்கொண்டிருந்தார். அவருக்காக இங்கிலாந்தின் நாய்களை வகைப்படுத்தி கேயஸ் லத்தீனில் ஒரு சிறு நூல் எழுதினார். அது 1570-ல் அச்சானது. ஆறு வருடம் கழித்து ஆபிரகாம் ஃபிளெமிங் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். வேட்டை நாய், மந்தை நாய், காவல் நாய் என்று போகும் அந்த வரிசையில் சீமாட்டிகளின் மடியில் கிடக்கும் சின்ன ஸ்பேனியலும் வருகிறது. அதற்கு 'ஆறுதல் தருவது' என்று பொருள்படும் பெயரையும் சொல்கிறார்கள்.

முதலில் நன்றாகக் கிண்டல் செய்கிறது அந்த நூல். வேலைவெட்டி இல்லாத சீமாட்டிகளின் விளையாட்டுப் பொம்மை, பெற்ற பிள்ளைகளைவிட இதை அதிகமாகக் கொஞ்சுகிறார்கள் என்றெல்லாம். பிறகு மருத்துவர் விழித்துக்கொள்கிறார். வயிற்று வலிக்கு இந்த நாயைப் பற்றுப்போடுவதுபோல வயிற்றின்மேல் வைத்துக்கொண்டால் குணம் தெரியும், நோயாளியின் நெஞ்சோடு அணைத்தாலும் பலன் உண்டு என்கிறார். காரணமும் சொல்கிறார்: அதன் மிதமான சூடு. இன்னொன்றும் சொல்கிறார். நோய் மனிதனைவிட்டு நாய்க்குப் போய்விடுகிறது. சில சமயம் நாய் நோயுற்றுச் சாகிறது, அதுவே அத்தாட்சி.

சூட்டைப் பற்றி அவர் சொன்னது சரி. நாயின் உடல் வெப்பம் 38-லிருந்து 39 டிகிரி வரை இருக்கும், நமக்கு 37. ரப்பர் வெந்நீர்ப் பை வருவதற்கு முந்தைய காலம். குளிர்கால இரவில், கணப்பு அணைந்துபோன கல்வீட்டில், 39 டிகிரியில் எட்டு மணி நேரம் ஆறாமல் இருக்கும் வேறு பொருள் அவர்களிடம் இல்லை. லூக்கா சுவிசேஷத்தில் தரித்திரனான லாசருவின் புண்களை நாய்கள் வந்து நக்குகின்றன. ஞாயிறு பள்ளியில் அதை அவனுடைய அவல நிலைக்கு அடையாளம் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பணக்காரன் வீட்டு வாசலில் அவனைத் தொட்டவை நாய்கள் மட்டும்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நோய் நாய்க்கு மாறும் என்ற பகுதிக்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன் கேயஸைப் பற்றி இன்னொரு தகவல். இளம் வயதில் அவர் இத்தாலியின் பதுவாவுக்கு மருத்துவம் படிக்கப் போனார். அங்கே சில மாதங்கள் ஒரே வீட்டில் உடன் தங்கியிருந்தவர் ஆண்ட்ரியாஸ் வெசாலியஸ், நவீன உடற்கூறியலின் தந்தை. இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் இரண்டு இதழ் கொண்ட வால்வைப் பார்த்து, பேராயர் தலையில் அணியும் மைட்டர் போல இருக்கிறதே என்று ஒப்பிட்டவர் அவர். மைட்ரல் வால்வு என்ற பெயர் அப்படி வந்ததுதான். ஒருவர் இந்த நாயை மருத்துவ நூலில் எழுதினார். அவரோடு தங்கியிருந்தவர் எந்த வால்வுக்கு உவமை சொன்னாரோ அந்த வால்வுதான் இன்று இந்த நாயைக் கொல்கிறது. பதுவாவில் அந்த வீட்டில் இரவு உணவின்போது என்ன பேசியிருப்பார்கள் என்று ஒரு சிறுகதை எழுத எனக்கு ஆசை. இன்னும் முதல் பத்தியைத் தாண்டவில்லை.

அரண்மனைக் கதைகளுக்கு வருவோம். இந்த நாயைப் பற்றிய எந்தப் புத்தகத்திலும் பாதிப் பக்கங்கள் அவைதான். எனக்கு அரச குடும்பத்துக் கிசுகிசுக்களில் பெரிய ஆர்வம் இல்லை, ஆனாலும் சிலவற்றை விட முடியாது.

1587 பிப்ரவரி 8, ஃபாதரிங்கே கோட்டை. ஸ்காட்லாந்து அரசி மேரியின் தலை வெட்டப்படுகிறது. காலுறைப் பட்டிகளைக் கழற்றக் குனிந்தவன், அவளுடைய பாவாடைக்குள் ஒரு சின்ன நாய் ஒளிந்திருப்பதைப் பார்க்கிறான். வலுக்கட்டாயமாகத்தான் வெளியே எடுக்க முடிந்தது. எடுத்த பிறகும் அது ஓடிப்போய் தலைக்கும் தோளுக்கும் நடுவே இரத்தத்தில் படுத்துக்கொண்டது. பிறகு தூக்கிக்கொண்டுபோய்க் கழுவினார்கள். நேரில் பார்த்தவரின் குறிப்பு இது. நாய் என்ன இனம் என்று அதில் இல்லை. ஸ்பேனியல்காரர்கள் ஸ்பேனியல் என்பார்கள், டெரியர்காரர்கள் டெரியர் என்பார்கள்.

அடுத்த நூற்றாண்டில் சந்தேகமில்லாத சான்றுகள் வருகின்றன. வான் டைக் 1630-களில் முதலாம் சார்லஸின் குழந்தைகளைத் தீட்டிய ஓவியங்களில் அவர்கள் காலடியில் இந்தச் சின்ன ஸ்பேனியல் இருக்கிறது. முகத்தைக் கவனியுங்கள்: தட்டையான மண்டை, நீளமான மூக்கு. இது பின்னால் தேவைப்படும்.

அந்தக் குழந்தைகளில் மூத்த பையன்தான் இரண்டாம் சார்லஸ். அப்பாவின் தலை வெட்டப்பட்டு, நாடுவிட்டு நாடு அலைந்து, 1660 மே மாதம் டோவரில் வந்து இறங்குகிறார். நாட்குறிப்புக்காரர் சாமுவேல் பெப்பிஸ் அந்தக் கப்பலில் இருந்தார். கரைக்குப் போகும் படகொன்றில் அவரோடு அரசர் நேசிக்கும் நாயும் ஏற்றப்பட்டது. அது படகிலேயே வெளிக்கிருந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்களாம். அரசனும் அவனைச் சேர்ந்தவையும் மற்றவர்களைப் போலத்தான் என்று தனக்குத் தோன்றியதாக பெப்பிஸ் எழுதிவைத்தார். அரசியல் தத்துவம் எந்த வழியாகவும் வரலாம்.

சார்லஸ் எங்கே போனாலும் ஸ்பேனியல்கள் பின்னால் போயின. அவருடைய படுக்கையறையிலேயே குட்டி போட்டுப் பால் கொடுத்தன. 1685-ல் அரசர் இறந்தபோது ஜான் ஈவ்லின் தன் நாட்குறிப்பில் அரசரின் குணங்களைத் தொகுத்து எழுதுகிறார். நாய்களால் அரண்மனை முழுக்க நாற்றமடித்தது என்ற புகாரையும் அதிலேயே சேர்த்துவிட்டார். இரங்கல் குறிப்பில் இப்படி எழுத ஒரு தைரியம் வேண்டும். இன்னொரு கதை உண்டு: பாராளுமன்றம் உட்பட எந்தப் பொதுக் கட்டடத்திலும் இந்த நாய் நுழையலாம் என்று சார்லஸ் சட்டம் போட்டார், அது இன்றும் அமலில் இருக்கிறது என்பார்கள். அப்படி ஒரு சட்டம் எந்த ஆவணத்திலும் இல்லை. நாயோடு பாராளுமன்றத்துக்குப் போய் அவமானப்பட வேண்டாம்.

1689-ல் வில்லியமும் மேரியும் ஹாலந்திலிருந்து வந்து அரியணை ஏறினார்கள். அவர்களோடு சப்பை மூக்கு பக் நாய்களும் வந்தன. மோஸ்தர் மாறியது. நீள மூக்கு ஸ்பேனியலைக் காப்பாற்றிய இடங்களில் ஒன்று மார்ல்பரோ பிரபுவின் மாளிகை. 1704-ல் பவேரியாவில் பிளென்ஹைம் போரில் அவர் வென்றார். அந்தப் பெயரில்தான் மாளிகை, மாளிகையின் பெயரில்தான் வெள்ளை-செம்பழுப்பு நாய். அதன் உச்சந்தலையில் சில சமயம் ஒரு செம்பொட்டு இருக்கும். பிரபு போருக்குப் போயிருந்தபோது சீமாட்டி சாரா பதற்றத்தில் சினை நாயின் தலையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தாராம், குட்டிகள் எல்லாம் பொட்டோடு பிறந்தனவாம். நம் ஊரில் அணிலுக்குக் கோடு விழுந்த கதைபோல.

விக்டோரியா அரசியின் நாய் டேஷ். இந்தக் கதை எனக்குப் பிடிக்கும். தாயும் தாயின் ஆலோசகர் கான்ராயும் வகுத்த கடுமையான விதிகளுக்குள் வளர்ந்த பெண் விக்டோரியா. யாராவது கையைப் பிடிக்காமல் மாடிப்படி இறங்கக்கூடக் கூடாது. 1833-ல் கான்ராய் அவளுடைய தாய்க்குக் கொடுத்த மூவண்ண ஸ்பேனியல்தான் டேஷ். கொஞ்ச நாளில் அது மகளுடைய நாயாகிவிட்டது. 1838 ஜூன் 28, முடிசூட்டு விழா. மணிக்கணக்கில் சடங்குகள், ஊர்வலம். 19 வயது அரசி வீடு திரும்பி முதலில் செய்த காரியங்களில் ஒன்று டேஷைக் குளிப்பாட்டியது. வேறு வேலைக்கு நூறு பேர் இருந்தார்கள்.

இதுவரை நாய் தன் போக்கில் இருந்தது. இனிமேல்தான் மனிதர்கள் அதன் மண்டையில் கைவைக்கிறார்கள்.

1859-ல் நியூகாசிலில் நாய்க் கண்காட்சி தொடங்கியது. 1873-ல் கென்னல் கிளப், 1891-ல் கிரஃப்ட்ஸ். கண்காட்சி என்றால் நடுவர் உண்டு, நடுவர் என்றால் அளவுகோல் உண்டு. விக்டோரியா காலம் முழுவதும் இந்த ஸ்பேனியலின் மூக்கு சுருங்கிக்கொண்டே போனது. மண்டை குவிந்து உருண்டது. குழந்தை முகம்போல வேண்டும் என்பதே நோக்கம். நூற்றாண்டு முடிவதற்குள் வான் டைக் தீட்டிய நாய் காணாமல் போய்விட்டது. கென்னல் கிளப் அதற்கு 'டாய் ஸ்பேனியல்' என்று பெயரிட நினைத்தபோது, ஏழாம் எட்வர்ட் தலையிட்டதால் 1903-ல் கிங் சார்லஸ் ஸ்பேனியல் என்ற பெயர் நிலைத்தது. பெயரில் இருந்த சார்லஸ் திரும்பி வந்திருந்தால் அந்தச் சப்பை மூக்கு நாயை அடையாளம் கண்டிருக்க மாட்டார்.

இந்த இடத்தில் அமெரிக்கர் ஒருவர் நுழைகிறார். ராஸ்வெல் எல்ட்ரிட்ஜ், நியூயார்க் அருகே லாங் ஐலண்டைச் சேர்ந்தவர். பழைய ஓவியங்களில் இருக்கும் நீள மூக்கு ஸ்பேனியலை வாங்கலாம் என்று இங்கிலாந்து வந்தார். அப்படி ஒன்று எங்கும் இல்லை. பணக்காரர்களுக்கே உரிய ஒரு முடிவை எடுத்தார்: 1926 கிரஃப்ட்ஸில், சார்லஸ் காலத்து ஓவியத்தில் இருப்பது போன்ற நாய்க்கு 25 பவுண்ட், பெட்டைக்கு 25 பவுண்ட் என்று பரிசு அறிவித்தார். நீண்ட முகம், தட்டை மண்டை, உச்சியில் பொட்டு. அன்றைக்கு அது பெரிய தொகை. சப்பை மூக்கை உருவாக்க வாழ்நாளைச் செலவழித்த வளர்ப்பாளர்களுக்குக் கோபமான கோபம். சிலர் தங்கள் குட்டிகளில் 'தவறிப்போய்' நீள மூக்கோடு பிறந்தவற்றைக் கொண்டுவந்தார்கள். 1928-ல் பரிசை வென்ற நாயின் பெயர் ஆன்ஸ் சன். எல்ட்ரிட்ஜ் அதைப் பார்க்கவில்லை. அதற்குச் சற்று முன்பே இறந்துவிட்டார்.

அதே 1928-ல் சிலர் கூடிச் சங்கம் அமைத்தார்கள். முதல் செயலாளர் அமிஸ் பிட். ஆன்ஸ் சன்னை மேசைமேல் நிற்கவைத்து, பக்கத்தில் பழைய ஓவியங்களின் பிரதிகளையும் வைத்துக்கொண்டு, இனத்தின் இலக்கணத்தை எழுதினார்கள். உள்நாட்டுப் போரில் அரசர் தரப்பில் நின்றவர்களின் பெயரான 'கவாலியர்' முன்னால் சேர்ந்தது. இலக்கணத்தை எழுதிவிட்டு அதற்கேற்ப இலக்கியம் செய்தவர்கள் இவர்கள். எழுத்தில் அது கெட்ட கவிதையோடு முடிந்துவிடும். உயிரில் அப்படி முடிவதில்லை.

ஏனென்றால் கையில் இருந்த நாய்கள் மிகச் சில. வேண்டிய முகம் கிடைக்க, தகப்பனோடு மகளையும் அண்ணனோடு தங்கையையும் சேர்த்தார்கள். பிறகு இரண்டாம் உலகப் போர். மனிதருக்கே ரேஷன். கென்னல்களில் நாய்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தன. 1945-ல் கென்னல் கிளப் கவாலியரைத் தனி இனமாக அங்கீகரித்தது. இன்றைய கவாலியர்கள் எல்லாம் ஆறு நாய்களின் வழிவந்தவை என்று வளர்ப்பாளர்களே சொல்வதுண்டு. 1973-ல் ஆலன்ஸ்மியர் அக்வேரியஸ் என்ற கவாலியர் கிரஃப்ட்ஸின் உச்சப் பரிசை வென்றதும் தேவை பெருகியது. குறுகிய வாய் வழியாகப் பெரிய வெள்ளம்.

நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சொந்தத்தில் கல்யாணம் செய்த தம்பதியரிடம் பிரசவ வார்டில் என்னென்ன கேட்போம் என்று எந்த நர்ஸுக்கும் தெரியும். நாம் அத்தை மகன், மாமன் மகளோடு நிற்கிறோம். இங்கே தாய்-மகன் வரை போனது. அத்தகைய நேரடி இரத்த உறவில் பிறந்த குட்டிகளைப் பதிவுசெய்ய மாட்டோம் என்று கென்னல் கிளப் விதி கொண்டுவந்ததே 2009-ல்தான்.

குணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவ்வளவு நல்ல குணம் கொண்ட நாய்கள் குறைவு. குழந்தை காதைப் பிடித்து இழுத்தாலும் பொறுத்துக்கொள்ளும். யார் மடி கிடைத்தாலும் போதும். திருடன் வந்தால் வாலாட்டி வரவேற்கும், காவலுக்கு லாயக்கில்லை. ஸ்பேனியல் இரத்தம் என்பதால் பறவையைக் கண்டால் மட்டும் புத்தி மாறிவிடும். அப்போது கார் வருவது தெரியாது, சாலையோரத்தில் கயிற்றை விடவே கூடாது. தனியாக விட்டால் ஏங்கிப்போகும். சாப்பாட்டில் பேராசை, எளிதில் குண்டாகும். முதியோர் இல்லங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் நாய்களை அழைத்துவரும் தொண்டர்களிடம் இந்த இனத்தை அடிக்கடி பார்க்கிறேன். யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவர், மடியில் இது வந்து உட்கார்ந்ததும் அதனிடம் பேச ஆரம்பிப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கேயஸின் பற்று இன்றும் வேலை செய்கிறது.

இப்போது அவர் சொன்ன இரண்டாவது விஷயம். நோய் நாய்க்குப் போகிறது.

மைட்ரல் வால்வு என்றால் நான் படித்த காலத்தில் ருமாட்டிக் காய்ச்சல்தான். சின்ன வயதில் தொண்டைப் புண், பிறகு மூட்டுவலி, இருபது வயதில் சுருங்கிய வால்வோடு மூச்சுவாங்கிக்கொண்டு வரும் பெண்கள். கவாலியருக்கு வருவது வேறு. வால்வின் இதழ்கள் தடித்து முடிச்சுமுடிச்சாகி, ஒன்றோடொன்று பொருந்தாமல் போகின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தம் பின்னால் கசிகிறது. இதயம் பெருக்கிறது, கடைசியில் நுரையீரலில் நீர் கோக்கிறது. எல்லாச் சிறிய நாய்களுக்கும் முதுமையில் இது வரலாம். கவாலியருக்கு இளமையிலேயே வருகிறது. ஐந்தாறு வயதில் ஏறத்தாழ பாதி நாய்களுக்கு இதயத்தில் முணுமுணுப்பு கேட்கிறது. பத்து வயதில் அது இல்லாத நாயைப் பார்ப்பது அரிது. சராசரி ஆயுள் 10-லிருந்து 12 வருடம்.

நான் முன்பு வேலைபார்த்த ஒரு முதியோர் இல்லத்தில் 86 வயதுப் பெண்மணி இருந்தார். அவருக்கும் மைட்ரல் கசிவு, கால் வீக்கம், மூன்று தலையணை வைத்தால்தான் தூக்கம். அவருடைய ஒன்பது வயது கவாலியர் உறவினர் வீட்டில் வளர்ந்தது; ஞாயிறுதோறும் பார்க்கக் கூட்டிவருவார்கள். இருவருக்கும் ஃபுரோசமைடு, ஒரே நீர் மாத்திரை, அளவுதான் வேறு. "நாங்கள் இரண்டு பேரும் ஒரே கழிப்பறை அட்டவணை" என்று சிரிப்பார். ஒரு ஞாயிறு நாய் அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. என் சட்டையில் குத்தியிருந்த கடிகாரத்தைக் காட்டி, இவனுடைய மூச்சை எண்ணிச் சொல்லு என்றார். தூங்கும் நாய்க்கு நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. 44 இருந்தது. சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை; தன்னுடையதையும் எண்ணச் சொன்னார். 26. அவர் வயதுக்கு அதுவும் அதிகம்தான். உறவினர் அன்று மாலையே நாயை அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோனார். மறுவாரம் கால்நடை மருத்துவர் மாத்திரையைக் கூட்டியிருப்பதாகச் சேதி வந்தது.

இந்த எண்ணிக்கைமுறையை நாய் வைத்திருக்கும் யாரும் செய்யலாம். நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. 30 வினாடி எண்ணி இரட்டிப்பாக்குங்கள். தொடர்ந்து 30-க்கு மேல் போனால் மருத்துவரை அழையுங்கள். மருந்தும் இருக்கிறது. 2016-ல் வெளியான எபிக் ஆய்வு, 11 நாடுகளில் 360 நாய்களைப் பார்த்தது. இதயம் பெருத்திருந்தாலும் இன்னும் மூச்சுத்திணறல் வராத நாய்களுக்கு பிமோபெண்டான் கொடுத்தால், இதயச் செயலிழப்பு சுமார் 15 மாதம் தள்ளிப்போகிறது. நாயின் ஆயுளில் 15 மாதம் சின்ன விஷயமல்ல.

இரண்டாவது நோய் இன்னும் கொடுமை. கவாலியரின் மண்டையோடு, உள்ளே இருக்கும் மூளைக்குப் போதுமானதாக இல்லை. இரண்டு படி பானையில் மூன்று படி அரிசி. சிறுமூளை பின்பக்க ஓட்டை வழியாகப் பிதுங்குகிறது. மூளைநீரின் ஓட்டம் தடைபட்டு, தண்டுவடத்துக்குள் நீர் நிரம்பிய குழிகள் உண்டாகின்றன. இதற்குப் பெயர் சிரிங்கோமைலியா. சிரிங்ஸ் என்றால் கிரேக்கத்தில் குழல். ஊசி போடும் சிரிஞ்சும் அதே வேர்தான். நாங்கள் தினமும் கையாளும் சொல். இந்த நாய்க்கு அது முதுகுத்தண்டின் உள்ளே.

அறிகுறி விசித்திரமாக இருக்கும். நடக்கும்போது நின்று, பின்னங்காலால் கழுத்தருகே காற்றில் சொறியும். கால் உடம்பில் படாது. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், வீடியோ எடுப்பார்கள். கழுத்துப்பட்டையைத் தொட்டால் கத்தும். கால்நடை நரம்பியல் மருத்துவர் கிளேர் ரஸ்பிரிட்ஜ் இதைப் பல வருடங்கள் ஆராய்ந்து, இது அரிய நோயல்ல என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 2011-ல் வந்த ஆய்வில், நோயில்லை என்று உரிமையாளர்கள் சொன்ன 555 கவாலியர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். ஒரு வயதில் 25 சதவீதம், ஆறு வயதுக்கு மேல் 70 சதவீதம் நாய்களுக்குத் தண்டுவடத்தில் குழிகள். எல்லாவற்றுக்கும் வலி இருக்கும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் வலி இல்லை என்று யார் சொல்வது?

என் தொழிலில் வலி என்பது நோயாளி சொல்வது. பேச முடியாதவர்களுக்கு, மறதி நோய் முற்றியவர்களுக்கு, முகச் சுளிப்பையும் முனகலையும் உடல் அசைவையும் பார்த்து மதிப்பெண் போடும் அட்டவணைகள் உண்டு. எப்போதும் சிரித்தமுகமாக இருப்பவர்களுக்குத்தான் அதில் குறைவான மதிப்பெண் விழும். அவர்களுக்குத்தான் மாத்திரை தாமதமாகப் போகும். முணுமுணுக்காத குணத்துக்காகவே 400 வருடம் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட நாய் கவாலியர். வலியிலும் வாலாட்டும். குணமும் நோயும் தனித்தனி அத்தியாயங்களாகப் புத்தகங்களில் இருக்கின்றன. அவற்றை ஒன்றாக வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

2008 ஆகஸ்டில் பி.பி.சி. ஒளிபரப்பிய ஜெமிமா ஹாரிசனின் ஆவணப்படம் இதை வீட்டு வரவேற்பறைக்குக் கொண்டுவந்தது. மண்டைவலியில் அலறும் கவாலியரை மக்கள் பார்த்தார்கள். நோய் கண்டறியப்பட்ட பிறகும் பரிசு பெற்ற ஒரு நாயை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தியதையும் பார்த்தார்கள். மறுவருடம் பி.பி.சி. கிரஃப்ட்ஸ் ஒளிபரப்பையே நிறுத்தியது. பேட்ரிக் பேட்சன் தலைமையில் விசாரணை நடந்து 2010-ல் அறிக்கை வந்தது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் திட்டம் 2012-ல் தொடங்கியது. செலவு அதிகம், கட்டாயமில்லை; கதை உங்களுக்குப் புரியும்.

நடுவில் ஒரு நல்ல செய்தி. கவாலியரின் இரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் பயமுறுத்தும் அளவுக்குக் குறைவாக வரும். அது பெரும்பாலும் நோயல்ல. இந்த இனத்தின் தட்டணுக்கள் எண்ணிக்கையில் குறைவு, உருவத்தில் பெரியவை. இயந்திரம் குழம்பிவிடும். டெங்கு வார்டில் வேலை செய்தவர்கள் அந்தத் தாளைப் பார்த்தால் மயங்கி விழுவார்கள்.

நார்வே வேறு வழியில் போனது. விலங்குநல அமைப்பு ஒன்று வளர்ப்பாளர்கள்மீது வழக்குத் தொடர்ந்தது. 2022 ஜனவரியில் ஓஸ்லோ நீதிமன்றம், புல்டாக்கையும் கவாலியரையும் இனப்பெருக்கம் செய்வது விலங்குநலச் சட்டத்துக்கு எதிரானது என்றது. அதே வருடம் மேல்முறையீட்டில் புல்டாக் வளர்ப்பாளர்கள் தப்பினார்கள், கவாலியருக்குத் தீர்ப்பு அப்படியே நின்றது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் கவாலியர் விஷயத்தில் அதையே உறுதிசெய்தது. வைத்திருப்பது குற்றமல்ல, இதே இரத்தத்துக்குள் மேலும் மேலும் பிறப்பிப்பதுதான் பிரச்சினை. முறையான கலப்பினத் திட்டத்துக்குக் கதவு திறந்தே இருக்கிறது. டென்மார்க்கில் அத்தகைய முயற்சி நடக்கிறது: கவாலியரோடு டேனிஷ்-ஸ்வீடிஷ் பண்ணை நாயைச் சேர்க்கிறார்கள். அந்தக் குட்டிகளுக்குக் கொஞ்சம் நீண்ட மூக்கு, குட்டை முடி. முதல் தலைமுறையைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஓவியத்தில் இருப்பது போல இல்லையாம்.

வளர்ப்பாளர்களை வில்லன்களாக்கும் வேலை எனக்கு வேண்டாம். நோயுள்ளவற்றை எல்லாம் ஒரே நாளில் ஒதுக்கினால் மிஞ்சுவது இன்னும் சின்னக் கூட்டம், இன்னும் நெருங்கிய உறவு. ஒதுக்காவிட்டால் நோய் தொடரும். உள்ளே இருந்துகொண்டு இரண்டில் எதையும் எளிதாகச் சொல்ல முடியாது. ஆனால் டென்மார்க்கில் இதயப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியபோது சில தலைமுறைகளில் வால்வு நோய் கணிசமாகக் குறைந்தது என்று ஆய்வு இருக்கிறது. கட்டாயமாக்கினால் நடக்கிறது.

உரைக்குப் பின் மெல்போர்னிலிருந்து ஒரு சகோதரி கேட்டார்: "மகள் அழுகிறாள், இந்த நாய்தான் வேண்டுமாம். வாங்கலாமா, கூடாதா?" எங்கள் வீட்டிலும் இரண்டு வருடமாக இதே வழக்குதான் நடக்கிறது. என் மகளுக்கு 12 வயது. இந்த உரைக்கான குறிப்புகள் முழுவதையும் அவளிடம் வாசித்துக்காட்டினேன். "அப்படியென்றால் வயசான ஒன்றை எடுப்போம், அதற்கும் வீடு வேண்டுமே" என்றாள். கைவிடப்பட்ட கவாலியர்களுக்கு வீடு தேடும் அமைப்பில் பெயர் கொடுத்திருக்கிறோம். இதய மாத்திரை கொடுக்க வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது.

குட்டிதான் வேண்டுமென்றால் அந்தச் சகோதரிக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்க வேண்டாம் என்பார்கள். கவாலியருக்கு அது போதாது. இரண்டு வயதுத் தாயின் இதயம் சுத்தமாகத்தான் கேட்கும், நோய் பிறகுதான் வரும். ஆகவே பாட்டி தாத்தாவைக் கேளுங்கள். பெற்றோர் இரண்டரை வயது தாண்டிய பிறகு இதய நிபுணர் கொடுத்த சான்றிதழ், அவற்றின் பெற்றோருக்கு ஐந்து வயதில் முணுமுணுப்பு இல்லை என்ற சான்றிதழ், எம்.ஆர்.ஐ. முடிவு. தாளில் தேதியைப் பாருங்கள். சாதாரணத் தடுப்பூசிப் பரிசோதனைச் சீட்டைக் காட்டி இதுதான் இதயச் சான்று என்பார்கள்; அதை வாங்கிக்கொண்டு வராதீர்கள்.